தறிக்காரர் பையன் பட்டாளத்துக்குக் கிளம்பியது

சென்னிமலைக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ரசம் நன்றாயிருக்கிறது என்று சொன்னால், எதிர்வரிசையில் பரிமாறுகிறவன் ரசவாளியோடு ஓடிவருவான். பஸ்ஸில் போன் பேசினால் டிரைவரே கண்ணாடியில் பார்ப்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கோபக்காரர் என்று ஒதுங்குவார்கள். பாவம், அவரைப் போலச் சாதுவான மனுசன் அந்த ஊரில் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

அன்னூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில், ரோட்டோரம் சோளக்காடும் அதற்குப் பின்னால் தகரக்கூரை போட்ட தறிக்குடோன்களுமாக இருக்கிற ஊர் அது. கிணறு வற்றியதும், இனிமேல் காட்டை நம்பிப் பிரயோசனமில்லை என்று ஆளாளுக்கு விசைத்தறி போட்டார்கள். சென்னிமலை பத்தாவதில் கோட்டை விட்டுவிட்டு மாமன் குடோனில் தறி ஓட்டப் போனார். பிறகு சுப்பாத்தாளைக் கட்டினார். அவள் போட்டுக்கொண்டு வந்த நகையையும் தன் பங்குக்கு வந்த துண்டுப் பூமியையும் விற்றுச் சொந்தமாக எட்டுத் தறி போட்டார்.

எட்டுத் தறிக்காரர் என்றால் பெரிய மில் அதிபர் ஒன்றும் இல்லை. சோமனூர்ப் பக்கத்து ஜவுளிக்காரர் நெடுக்கு இழைக்குப் பாவும் குறுக்கு இழைக்கு நூலும் கொடுப்பார். நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. ஆனாலும் குடோன் சொந்தம், தறி சொந்தம். ஊரில் "வாங்க மொதலாளி" என்று பாதி கிண்டலாகவும் பாதி மரியாதையாகவும் கூப்பிட்டார்கள். சென்னிமலை கிண்டலை விட்டுவிட்டு மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

எட்டுத் தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் வாய்விட்டுப் பேசிப் பலனில்லை. பேச்செல்லாம் உதட்டில்தான். ஒரு கோடியில் நின்று சுப்பாத்தாள் வாயசைத்தால் மறுகோடியிலிருந்து சென்னிமலை தலையாட்டுவார். சோறு ஆறுகிறது, மூலைத் தறியில் இழை அறுந்துவிட்டது, உங்கக்கா வந்திருக்கிறார்கள் மூஞ்சியைச் சிரித்தாற்போல வைத்துக்கொள்ளுங்கள் — எல்லாமே உதடு. புருசனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால்கூட அப்படித்தான். வேலைக்கு வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை விடாமல் புரியும்.

மூத்தவன் கிருபாசங்கர் பிறந்த கொஞ்ச நாளிலேயே சுப்பாத்தாள் தறிக்கு வந்துவிட்டாள். ஆள் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத காலம். குடோன் இரும்பு விட்டத்திலேயே தூளியைக் கட்டினார்கள். பிள்ளை அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீலென்று கத்தி விழிக்கும். இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் சென்னிமலை. "என்ற பையன் பொறவித் தறிக்காரனுங்க" என்பார். கேட்டவர்களும் சிரித்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்று ஒருத்தருக்கும் அப்போது தோன்றவில்லை.

இளையவள் லோகப்பிரியாவுக்குப் பஞ்சுத் தூசி சேரவில்லை, மூச்சு இழுத்தது. அவளைக் காரமடையில் சுப்பாத்தாளின் அக்கா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். பையன் இங்கேயே வளர்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அப்பனுக்குக் குச்சியில் நூல் சுற்றித் தறிக்குத் தார் போட்டுக் கொடுப்பான். பண்டிகை நாளுக்குத் துணி கேட்டு ஜவுளிக்காரர் அவசரப்படுத்தினால் அவனே இரண்டு தறி பார்த்துக்கொள்வான். வாத்தியார் பாடத்தைச் சொல்லும்போது அவர் மூஞ்சியைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான் என்று பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர். வகுப்பிலேயே கவனமான பையன் என்று எழுதிக்கூடக் கொடுத்தார்கள்.

பிறகு தறிக்குக் கெட்ட காலம் வந்தது. அது ஒரே நாளில் வந்திருந்தால் சென்னிமலை சமாளித்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நூல் விலை ஏறியது, கரண்ட் பில் ஏறியது, கூலி மட்டும் ஏறவில்லை. கூலியை உயர்த்தச் சொல்லித் தறிக்காரர்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜவுளிக்காரர்கள் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுமாதமே பழைய கூலிக்கு வந்துவிட்டார்கள். ஆட்டோ தறி என்று ஒன்று வந்தது. பத்து ஆள் செய்கிற வேலையை அது ஒரு ஆளை வைத்துக்கொண்டு செய்தது. ஜவுளிக்காரர் பாவு கொடுப்பதைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார். போன் போட்டால், "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்பார். எந்த அடுத்த வாரம் என்று சொல்ல மாட்டார்.

கடைசியில் தறிகளைப் பழைய இரும்புக்காரனிடம் எடை போட்டுக் கொடுத்தார்கள். கட்டர் வைத்துத் துண்டுபோட்ட அன்று சுப்பாத்தாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சென்னிமலை பக்கத்திலேயே நின்று, "அந்தப் பக்கம் பாத்து வெட்டுங்க, கையில பட்டுரப்போகுது" என்று இரும்புக்காரனின் ஆட்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். லாரி போன பிறகு குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். எல்லோருக்கும் கேட்டது. அழுகையும் அவருக்குச் சத்தமாகத்தான் வரும்.

கிருபாசங்கர் டிப்ளமோ முடித்துச் சிங்காநல்லூரில் பம்புக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்திருந்தான். அங்கும் ஆர்டர் இல்லை என்று பாதிப்பேரை நிறுத்தினார்கள். வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். அவனும் போனைச் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லோகப்பிரியா கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்குப் போய், அங்கேயே கடைக்காரர்களின் ஹாஸ்டலில் தங்கிக்கொண்டாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், "ஏனுங்கப்பா கத்தறீங்க, நான் பக்கத்துலதான உக்காந்திருக்கறேன்?" என்பாள். கடையில் சேலைக்கு வருகிறவர்களிடம் காற்றுப்போலப் பேச வேண்டுமாம். பட்டணத்துக் கடையில் சேர்ந்ததும் பெண்ணுக்கு நாசூக்கு வந்துவிட்டது என்று சென்னிமலைக்கு உள்ளூரப் பெருமை.

ஒருநாள் சாப்பிடும்போது கிருபாசங்கர் சொன்னான்.

"அப்பா, நான் பட்டாளத்துக்கு எழுதிப் போட்டிருக்கறனுங்க."

சென்னிமலை கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "எந்தப் பட்டாளம்?"

"மிலிட்டரிங்கப்பா. அக்னிவீர். நாலு வருசம்."

"நாலு வருசம் கழிச்சு?"

"நாலுல ஒருத்தர வெச்சுக்குவாங்க. மத்தவங்களுக்குக் கையில ஒரு தொகை குடுத்து அனுப்பிருவாங்க."

"அனுப்பிப்போட்டா அப்பறம் என்ன பண்ணுவே?"

"அத அப்பப் பாத்துக்கலாங்கப்பா. இப்ப இங்க நாலு மாசத்துக்கு ஒரு வழி சொல்லுங்க பாக்கலாம்."

பதில் இல்லாதபோது மனுசர்கள் செய்வதையே சென்னிமலையும் செய்தார்; தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார். நம் வகையறாவில் எவன் பட்டாளத்துக்குப் போயிருக்கிறான், நாலு பேருக்கு வேலை கொடுத்த குடும்பம் இது, சொந்தபந்தம் ஒறம்பரை முகத்தில் எப்படி முழிப்பது என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். சுப்பாத்தாள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டே, "நீங்க வேல குடுத்த நாலு பேரும் இப்ப என்ன பண்றாங்கன்னு போய்ப் பாத்துப்போட்டு வாங்க" என்றாள். அந்த நாலு பேரில் ஒருவர் கோயமுத்தூரில் அபார்ட்மெண்டு வாசலில் நிற்கிறார், ஒருவர் கோழிப்பண்ணையில் இருக்கிறார், மற்ற இருவரும் எங்கே என்று தெரியாது.

ஒறம்பரையும் சும்மா இருக்கவில்லை. ஒரு கிரகப்பிரவேசத்தில் பெரியப்பன் மகன் ஒருவர், "ஏனப்பா, பையனுக்குப் பொண்ணு கெடைக்கலீன்னு பட்டாளத்துக்கு அனுப்பறயாட்ட இருக்குது" என்று சிரித்தார். அதில் உண்மையும் இருந்தது. தறியும் இல்லை, பூமியும் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை என்கிற பையனுக்கு அந்தப் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடும்.

கிருபாசங்கர் விடியும் முன்பே எழுந்து ஓட ஆரம்பித்தான். கருமத்தம்பட்டி மெல்வின் அவனுக்குக் கூட்டாளி. மெல்வினின் அப்பா கட்டட வேலைக்காரர்; சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அவர்களோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு பையன்கள் ஹைவே ஓரத்துச் சர்வீஸ் ரோட்டில் ஓடுவார்கள். நாட்டுக்காகப் போகிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் ஒவ்வொருவன் வீட்டுக்கும் போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் தறி நின்றிருக்கும், ஒரு வீட்டில் பட்டறை மூடியிருக்கும், ஒரு வீட்டில் கடலைக்காடு கருகியிருக்கும். நூல் விலை ஏறின வருசம் ரோட்டில் ஓடுகிற பையன்கள் கூடினார்கள். சிங்காநல்லூர்ப் பட்டறைகளுக்கு ஆர்டர் குறைந்த வருசம் இன்னும் கூடினார்கள். நன்றாக இருக்கிற வீட்டுப் பையன் ஒருத்தன்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களெல்லாம் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சென்னிமலை கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒருநாள் மொபெட்டை எடுத்துக்கொண்டு சும்மா பார்க்கப் போனார். பையன் எல்லோருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சின்ன வயதில் தறிக்கு நடுவில் இங்கும் அங்கும் ஓடின காலல்லவா, அதில் ஒரு தளர்ச்சி இல்லை. மறுநாளிலிருந்து அவர் பின்னாலேயே மொபெட்டில் போனார். "கிருபா, மூச்ச விடாத! மெல்வின் கண்ணு, கையை வீசிப் போடு!" என்று அவர் கத்துவதில் ரோட்டோரத்து நாய்களெல்லாம் எழுந்துவிடும். பையன்களுக்குச் சிரிப்புத் தாங்காது. அவர் வராத நாளில் ஓட்டம் சப்பென்று இருக்கிறது என்றார்கள்.

எழுத்துப் பரீட்சையில் கிருபாசங்கர் தேறினான். அதன் பிறகு கோயமுத்தூரில் நடந்த ஆள் சேர்ப்பு முகாமுக்குப் போய் ஓட்டத்திலும் தேறினான். முதல் கூட்டத்தில் ஒருவனாக வந்து நின்று, அங்கிருந்தே போன் போட்டான். சென்னிமலைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெடிக்கல் மட்டும்தான் பாக்கி, அது ஒரு சம்பிரதாயம், பையன் உடம்பில் ஒரு குறையும் கிடையாது என்று எல்லோரிடமும் சொன்னார். அன்னூர் பேக்கரியில் மைசூர்பாகு வாங்கிவந்து தெருவுக்குக் கொடுத்தார். கிரகப்பிரவேசத்தில் சிரித்த பெரியப்பன் மகனுக்கு இரண்டு பாக்கெட்டாகக் கொடுத்தார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம்கூட வந்தது. பையன் வேலையில் சேர்ந்ததும் பேசலாம் என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சுப்பாத்தாள் அந்தக் கவரை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கடியில் வைத்தாள். அந்த வீட்டில் சந்தோசம் வந்து வெகுநாள் ஆகியிருந்ததால் அதை எப்படி மெதுவாக வைத்துக்கொள்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மெடிக்கலுக்குப் போன அன்று சாயங்காலம் கிருபாசங்கர் திரும்பிவந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றான்.

"என்னாச்சு கண்ணு?"

"காது சரியில்லீன்னு போட்டுட்டாங்கப்பா."

"யாரு காது?"

"என்றதுதானுங்க."

சென்னிமலைக்குச் சிரிப்பு வந்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பயந்திருப்பார். கண், பல், தட்டைப்பாதம் என்று பையன்கள் பேசிக்கொள்வதை அவர் ரோட்டில் கேட்டிருக்கிறார். காதைப்பற்றி அவர் நினைத்ததே இல்லை. இத்தனை வருசம் இதே வீட்டில் பேசிக்கொண்டிருக்கிற பையன்.

"உள்ளாற வா. வெவரமாச் சொல்லு."

"செவுத்தப் பாத்து நிக்கச் சொன்னாங்க. ஒரு காத அடச்சுக்கச் சொன்னாங்க. டாக்டர் பின்னாடி தள்ளி நின்னு சொல்றதத் திருப்பிச் சொல்லோணும்னாங்க. நானும் நின்னேன். அவரு ஒண்ணுமே சொல்லலீங்கப்பா. ரொம்ப நேரம் நின்னேன். என்னன்னு திரும்பிப் பாத்ததுக்குத் திரும்பக்கூடாதுன்னு சத்தம் போட்டாங்க. அப்பறம் இன்னொரு காதையும் அப்பிடியே பண்ணிப்போட்டு, போதும், போன்னுட்டாங்க."

"ஒண்ணுமே சொல்லாம எப்பிடிப்பா காது கேக்கலீன்னு எழுதுவாங்க?"

"அதானுங்க எனக்கும் தெரியல."

"மெல்வினுக்கு?"

"அவனுக்குச் சொன்னாராங்க. அவன் பாஸுங்க."

அவ்வளவுதான், சென்னிமலைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். டாக்டர் வேறு யாருக்கோ இடம் ஒதுக்கியிருக்கிறார், இல்லாவிட்டால் அவசரத்தில் வாயைத் திறக்காமலே எழுதிவிட்டார். பாவம் அந்த டாக்டர், நாளெல்லாம் நின்று ஒவ்வொரு பையனுக்கும் ஒழுங்காகத்தான் சொல்லியிருப்பார். அவரைச் சென்னிமலை அன்று முழுக்க வைதார். ஒத்துக்கொள்ளாவிட்டால் ராணுவ ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டலாம் என்று தேதி போட்டுச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். "நானும் வாரேன். என்ற முன்னாடி பாக்கச் சொல்லு. என்ற பையனுக்கா காது கேக்காது?" என்றார். சுப்பாத்தாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் வருகிறேன் என்றாள்.

போவதற்கு முந்தின நாள் லோகப்பிரியா விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எப்படி நிற்கவேண்டும் என்று பழகிப் பார்த்துவிடலாம் என்று சென்னிமலை எல்லோரையும் காலி குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தறிகள் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கட்டம் கட்டமாக இருந்தது. கிருபாசங்கர் ஒரு கோடியில் சுவரைப் பார்த்து நின்று வலது காதில் விரலை வைத்துக்கொண்டான். சென்னிமலை மறுகோடிக்குப் போய், தன்னால் முடிந்த மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"கிருபா, சோறு தின்னயா?"

கூரைமேல் இருந்த காகம் பறந்தது.

"தின்னேனுங்கப்பா!" என்று சுவரைப் பார்த்தபடியே கத்தினான் பையன்.

"பாத்தயா, கேக்குதா இல்லியா?" சென்னிமலைக்குக் கண்ணெல்லாம் மின்னியது. அடுத்த காது. அதுவும் கேட்டது. சுப்பாத்தாள் தன் பங்குக்கு, "கண்ணு, பால்காரர் வந்தாரா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. நாளைக்கு அந்த டாக்டர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது சென்னிமலைக்கு.

பார்த்துக்கொண்டிருந்த லோகப்பிரியா, "அப்பா, அது மெதுவா இல்லீங்க" என்றாள்.

"பின்ன எது மெதுவு?"

"டாக்டர் ரகசியம் பேசறாப்ல சொல்லியிருப்பாருங்க. நீங்க பேசறது அடுத்த தெருவுக்குக் கேக்குமுங்க."

"அப்ப நீயே சொல்லு அம்மணி. உன்ற கடையில பேசறாப்லயே சொல்லு."

அவள் வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். கை நீட்டினால் தொடுகிற தூரம். சென்னிமலை மகனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையன் விறைப்பாக நின்றான், பட்டாளத்துக்காரன் மாதிரியே நின்றான். சென்னிமலை காத்திருந்தார். பெண் கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். எதைச் சொல்வது என்று யோசிக்கிறாளாக்கும்.

"சொல்லு அம்மணி. எதுக்கு ரோசன?"

பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். லோகப்பிரியாவின் கண் நிறைந்திருந்தது. அவள் உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"சொல்லிட்டனுங்கப்பா. மூணு தடவ."

குடோனில் ஒரு சத்தமும் இல்லை. அதாவது, அவருக்கு ஒரு சத்தமும் இல்லை. சென்னிமலை சுப்பாத்தாளைப் பார்த்தார். அவளும், பெண் எப்போது ஆரம்பிப்பாள் என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆவலாகக் காத்திருந்தாள்.

"ஏனுங்கப்பா, லோகு இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று சுவரைப் பார்த்தபடி கேட்டான் கிருபாசங்கர்.

சென்னிமலை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் பொய் சொல்லவில்லை. பையனும் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தது கவனம் இல்லை. விட்டத்தில் தூளி கட்டின நாளிலிருந்து அவன் காதைத் தறி தின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கட்டினது அவர் கை. கரண்ட் போனால் அழுதானே, அப்போதாவது தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாமே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். தறிக்கு நடுவில் இருந்த மூன்று பேருக்கும் ஒரே குறை இருந்ததால் ஒருவர் குறை ஒருவருக்குத் தெரியாமலே இத்தனை வருசம் ஓடிப்போயிருந்தது.

கிருபாசங்கர் திரும்பினான். அப்பா தரையில் இருப்பதையும் தங்கை கண்ணைத் துடைப்பதையும் பார்த்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்துப் பேச்சை அறிகிற பையன். காதிலிருந்து விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்குப் போக வேண்டாங்கப்பா" என்றான்.

"போய்ப் பாக்கலாங் கண்ணு. வேற டாக்டர், வேற மாதிரி..."

"வேண்டாங்கப்பா. அவங்களும் இதத்தான் செய்வாங்க."

அந்தத் தேதி வந்து போனது. சுப்பாத்தாள் சாமி படத்துக்கடியிலிருந்த ஜாதகத்தை எடுத்துத் தெரிந்தவர் மூலமாகத் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். பையனுக்கு என்ன என்று அவர்கள் கேட்டதற்கு, உயரம் பத்தவில்லையாம் என்று சொல்லச் சொன்னாள். காது என்று சொன்னால் அடுத்த ஜாதகமே வராது. மெல்வின் டிரெய்னிங்குக்குக் கிளம்பின அன்று கிருபாசங்கர் ரயிலடிக்குப் போய் வழியனுப்பிவிட்டு வந்தான். மெல்வின் ஜன்னலில் இருந்துகொண்டு என்னவோ சொன்னானாம். கூட்டத்தில் யாரோ குறுக்கே வந்து அவன் முகத்தை மறைத்துக்கொண்டதால் தெரியவில்லை என்று வீட்டில் வந்து சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒன்றும் இல்லை, அதுதான் சுப்பாத்தாளுக்குத் தாங்கவில்லை.

சிங்காநல்லூர்ப் பட்டறையிலிருந்து போன் வரவேயில்லை. வேறு இடங்களில் கேட்டால் அனுபவம் என்ன என்றார்கள். பட்டறையில் இருந்தது கொஞ்ச நாள்தான்; அதை விட்டால் அவனுக்கு இருந்த அனுபவம் தறி ஒன்றுதான். கடைசியில் சென்னிமலை, கருமத்தம்பட்டிப் பக்கம் ஆட்டோ தறி போட்டிருக்கிற ஒருவருக்குப் போன் போட்டார். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார். எதிரில் படிக்கட்டில் கிருபாசங்கர் உட்கார்ந்து அப்பாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் பேசின தறி முதலாளி நல்ல மனுசர்தான். சம்பளம், ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை லீவு எல்லாம் மரியாதையாகச் சொன்னார். ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்றார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேனுங்க. பையனுக்குச் சத்தம் ஒத்துக்குமுங்களா? இப்ப வர்ற பசங்க ரெண்டு நாள்ல தலை வலிக்குது, காது இரையுதுன்னு ஓடிப்போறாங்க."

சென்னிமலை பையனைப் பார்த்தார். பையனும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் மெதுவாக வந்தது.

"அதெல்லாம் அவன ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். "பொறந்ததுல இருந்து பழக்கந்தானுங்க."

"சரியாக் கேக்கலீங்களே, என்ன சொன்னீங்க?" என்றது போன்.

சென்னிமலை அதையே இன்னொரு தடவை, உரக்கச் சொன்னார்.

"அப்ப நாளைக்கே வரச்சொல்லுங்க" என்றார் அவர்.